டெமோ டீச்சர் போட்ட ஜடை

அருப்புக்கோட்டையில் டெமோ டீச்சரிடம் இங்கிலீஷ் படித்தவர்களை இனி எந்தப் பேயும் பயமுறுத்த முடியாது. பயப்பட வேண்டியதையெல்லாம் அந்த டியூஷன் சென்டரிலேயே பயந்து முடித்துவிட்டோம்.

அவர் எந்த வார்த்தைக்கும் வாயால் அர்த்தம் சொல்ல மாட்டார், செய்துதான் காட்டுவார். ‘கொலாப்ஸ்’ என்று சொல்லிவிட்டுத் தடாலென்று சாய்ந்தார். அலறியடித்து சோடா வாங்கி வந்தால், எழுந்து உட்கார்ந்து, “ஸ்பெல்லிங் சொல்லுங்கடி” என்றார். சோடாவையும் குடித்துவிட்டார். தொப்பலாக நனைவதைச் சொல்லும் ‘ட்ரெஞ்ச்’ நடத்திய அன்று ஒரு குடம் தண்ணீரை அப்படியே தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தவம் கிடக்கிற ஊரில் இது கொலைக்குச் சமம்.

ஆனால் என் குலையை நடுங்க வைத்தது ‘இன்டர்ட்வைன்’தான்.

அப்போது எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இருவருக்கும் ஊர் எம்.ரெட்டியபட்டி. பஸ்ஸில் எனக்குப் போட்டு வைக்கிற இடத்தை அவள் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டாள். ஒன்றாம் வகுப்புச் சிநேகம் அத்தோடு போயிற்று என்றே நினைத்தேன். வெளியே வீம்பு, உள்ளே அழுகை.

டீச்சர் எங்களை முன்னால் ஒட்டி உட்கார வைத்தார். தலை வாரிவிடுகிறார் என்று சும்மா இருந்தேன். எழுந்தால், “ஐயோ!” என்று ஸ்டெல்லா என் மேல் விழுந்தாள். என் ஜடையும் அவள் ஜடையும் ஒரே ஜடை! நுனியில் நூல் முடிச்சு. டீச்சர் தறிக்காரர் வீட்டுப் பெண்; அந்த முடிச்சு லேசில் அவிழாது.

“இதாண்டி இன்டர்ட்வைன். பின்னிப் பிணையிறது. கயித்துக்கும் சொல்லலாம், கொடிக்கும் சொல்லலாம், மனுச வாழ்க்கைக்கும் சொல்லலாம். கிளாஸ் முடிஞ்சது, கெளம்புங்க!”

“டீச்சர், பஸ்ஸு வந்துரும்!”

“ரெண்டு பேருக்கும் ஒரே பஸ்ஸுதானடி?”

ஓடினோம். கண்டக்டர் வாயைப் பிளந்து, “என்னம்மா இது, நேர்த்திக்கடனா?” என்றார். பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார முடிந்தது.

“வலிக்குதாடி?” என்றாள் ஸ்டெல்லா.

“ஒனக்கு?” என்றேன்.

அப்புறம் ஊர் வரும்வரை இருவரும் சேர்ந்து டீச்சரைத் திட்டித் தீர்த்தோம். வாய் ஓயவில்லை. வீட்டில் அம்மா, “அவுக டீச்சரா, பேயாடி?” என்றபடி கத்தரிக்கோலால் அந்த நூலை வெட்டிவிட்டாள்.

போன மாதம் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். சர்ச் வாசலில் போட்டோவுக்கு நின்றபோது, பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. மணப்பெண்ணும் நானும் ஒரே நேரத்தில் பதறி ஜடையைப் பிடித்துக்கொண்டோம்.

“பயப்படாதீங்கடி,” என்றார் டீச்சர். “அதான் அன்னைக்கே பின்னியாச்சே.”

நான் ஜடையை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.