தார்ப்பாயைத் துளைத்த புல்

இனிமேல் புல் பிடுங்குவதில்லை என்று கிடங்குக்காரர் முடிவெடுத்துவிட்டார். கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் காலை முழுக்கக் குத்துக்காலிட்டுக் களை எடுப்பதென்றால் அந்த ஓய்வு எதற்கு? ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தக்காளிச் செடிகளைச் சுற்றிப் பரப்பினார். தண்ணீர் தெளித்து, மேலே காய்ந்த சருகைக் கனமாகக் கொட்டினார். வெளிச்சம் படாத புல் செத்துத்தானே ஆக வேண்டும்?

மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"இனிமே களையே வராதா?"

"வரவே வராது."

"அப்போ காலையில என்ன பண்ணப்போறீங்க?"

"வீட்டுக்குள்ள உனக்கு ஒத்தாசையா இருப்பேன்."

அவள் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று அவருக்குப் புரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஒத்தாசை மறுநாளே ஆரம்பமானது. காலமெல்லாம் கிடங்கில் சரக்கு அடுக்கிய கை சும்மா இருக்குமா? சமையலறை அலமாரியைக் காலி செய்து, டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். அதில் திருப்தி வராமல், வாங்கிய தேதி வரிசைக்கு மாற்றினார். மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் சோப்புத்தூள் வந்தது. உப்பைக் காணோமே என்ற மனைவியிடம், "சீட்டு எழுதிக் குடு, எடுத்துத் தரேன்" என்றார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டாள். கிடங்கில்கூட இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லையே என்று நெகிழ்ந்துபோனார்.

வாரக் கடைசியில் சருகுக்கு மேலே பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. புல். அதுவும் கொத்துக் கொத்தாக. இன்னொரு அட்டை போட்டார். அதையும் மீறி வந்தது. தார்ப்பாய் விரித்து ஓரமெல்லாம் செங்கல் வைத்தார். மறுநாள் தார்ப்பாயில் வட்டமாக ஓர் ஓட்டை, ஓட்டைக்குள் புல். புல்லுக்குப் பல் முளைத்துவிட்டதா என்ன? அவருக்குத் தலை சுற்றியது.

"இயற்கையோட மல்லுக்கட்ட முடியுமா? போய்ப் பிடுங்குங்க. டீயை அங்கேயே கொண்டுவந்து தரேன்" என்றாள் மனைவி, மிகவும் ஆதரவாக.

குழப்பத்தோடு போய்க் குந்தினார். பக்கத்து வீட்டுத் தையற்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"புல்லு ஆராய்ச்சி எப்படிப் போகுது சார்?"

"என்ன ஆராய்ச்சி?"

"உங்களுக்கு வேணும்னுதானே வீட்டம்மா எங்க தோட்டத்துல வேரோட தோண்டி எடுத்துட்டுப் போறாங்க? கத்திரிக்கோல்கூட என்கிட்டதானே வாங்கினாங்க."

கிடங்குக்காரர் ஒரு கொத்தைப் பிடுங்கினார். வேரைச் சுற்றியிருந்த மண் அச்சு அசலாக டம்ளர் வடிவத்தில் வந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மிடுக்கோடு சமையலறைக்குள் நுழைந்தார்.

"இது நீ நட்டதுதானே?"

"ஆமா." அவள் திரும்பக்கூட இல்லை.

"எதுக்கு?"

"நீங்க வெளியில இருந்தாதான் எனக்கு உப்பு கிடைக்குது."

"அப்படியா? இனிமே ஒரு புல்லைக்கூடத் தொட மாட்டேன். வீட்டுக்குள்ளேயேதான் இருப்பேன்."

"தாராளமா இருங்க. நாளையிலேர்ந்து சமையல், பாத்திரம், துணி எல்லாம் உங்க பொறுப்பு. நான் தோட்டத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன். அங்கதான் களையே வராதே."

கிடங்குக்காரர் கழுவாமல் குவிந்திருந்த பாத்திரங்களைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனார்.

"தம்பி, உங்க தோட்டத்துல இன்னும் கொஞ்சம் புல்லு கிடைக்குமா?"