இருபத்திமூண்டு பெட்டியும் எட்டு ஊறுகாய்ப் போத்தலும்

போன வியாழக்கிழமை பின்னேரம் எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். கீழ்த்தட்டிலை இருக்கிற பேரித் எண்ட நோர்வேக்காரி வீட்டுக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டு போகவேணும்.

நோர்வேயிலை, மோர்டென்ஸ்ருட் எண்ட இடத்திலை இந்த மாடிவீட்டுக்கு வந்து எட்டு வருசம். ஒரு நோர்வேக்காரர் வீட்டுக்குக் கூப்பிட்டது இதுதான் முதல்தரம். படியிலை கண்டு, "நாங்கள் கிழமைக்கு ஒருநாள் கூடி, காய் வைச்சு ஆடுற பலகை விளையாட்டு விளையாடுறனாங்கள்" எண்டா பேரித். நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "என்னட்டை இருபத்திமூண்டு இருக்கு" எண்டிட்டன்.

"இருபத்திமூண்டோ! அப்ப ஒண்டைக் கொண்டு வந்து எங்களுக்கும் பழக்கு!"

பொய் இல்லை. பள்ளிக்கூடங்களிலை பழைய சாமான் விக்கிற லொப்பமார்க்கெட் நடந்தால் வாசல்லை முதல் ஆளாய் நிப்பன். வாங்கி வந்து, துடைச்சு, ஷோகேசுக்குள்ளை அடுக்குவன். ஒருத்தரையும் தொட விடன். காய் துலைஞ்சு போமெல்லோ!

"அம்மா, அது விளையாட்டுச் சாமான். சாமிச் சாமான் இல்லை" எண்டுவாள் மகள்.

"பேசாமலிரு. கொம்மா அதை உனக்குச் சீதனமாய்த் தரப்போறா" எண்டுவார் இவர்.

இருக்கிறதுக்குள்ளை வடிவானதாய், மூடியிலை நாலு நிறத்திலை செம்மறி ஆடு நிக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினன். பேரித்தும் மனுசனும், இன்னும் ரெண்டு அயலவையும் மேசையைச் சுத்தி இருக்கினம். பேரித் மூடியைத் திறந்தா.

உள்ளுக்குப் பலகையும் ஒரு விளக்கத்தாளும். அவ்வளவுதான்!

"ஆடுகள் எங்கை?"

அப்பதான் எனக்கு உறைச்சுது. துலையுமெண்ட பயத்திலை எல்லாப் பெட்டிக் காயையும் நான் எடுத்துப் போத்தலுக்குள்ளை போட்டு வைச்சிருக்கிறன். பருப்புக்கு ஒரு போத்தல், கடலைக்கு ஒரு போத்தல் மாதிரி, நிறம் நிறமாய்ப் பிரிச்சு!

"ஒரு நிமிசம்!"

மூண்டு மாடி ஏறி, எட்டுப் போத்தலையும் பையிலை சுமந்து வந்து, மேசையிலை கொட்டினன். குவியலுக்கு அங்காலை இருந்தவையின்ரை முகம் தெரியேல்லை.

"இதிலை இந்தப் பெட்டிக்குரியது எது?" எண்டு கேட்டா பேரித்.

"தெரியாது."

"கடைசியாய் எப்ப விளையாடினாய்?"

"இன்னும் விளையாடேல்லை."

"இதையோ?"

"ஒண்டையும்."

பேரித் பலகையைத் திருப்பிப் பெட்டிக்குள்ளை வைச்சா. எட்டு வருசத்துக்குப் பிறகு கூப்பிட்டவை, இனி எங்கை கூப்பிடப் போகினம்! நாளைக்கு இந்தப் படியாலை என்ன முகத்தோடை இறங்கிறது?

பேரித்தின்ரை மனுசன் சிவப்புக் காயொண்டை மூக்கடியிலை பிடிச்சார். "இது என்ன மணம்?"

"எலுமிச்சங்காய் ஊறுகாய். போத்தலை நல்லாய்க் கழுவினனான்..."

மனுசன் சிரிச்ச சிரிப்பிலை கோப்பி மூக்காலை வந்திட்டுது!

பிறகு ஆளுக்கொரு பிடி அள்ளி ஆடு தேடத் தொடங்கிச்சினம்.

"இந்தா, ஆடு!"

"அது குதிரை. கண்ணாடியைப் போட்டுப் பார்!"

ரெண்டரை மணித்தியாலம். பதினாறு ஆட்டிலை பதினைஞ்சு அம்பிட்டுது. தாயக்கட்டையை ஒருத்தரும் உருட்டேல்லை.

வெளிக்கிடேக்கை பேரித் கதவடி மட்டும் வந்தா. "அடுத்த வியாழனும் வா" எண்டா.

"ஓம், ஓம்! எதைக் கொண்டு வர?"

வீட்டுக்கு வாற ஆளைப் பார்த்து, கட்டாயம் வெறுங்கையோடைதான் வரவேணும் எண்டு ஒருத்தி சத்தியம் வாங்கினதை நான் அண்டைக்குத்தான் கண்டன்.