எந்தக் கால்?

கதவைத் திறந்து வாசற்படியில் கால் வைத்த டென்னிஸ் ஹோலப்புக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. நொண்ட வேண்டியது எந்தக் காலால்?

அடிபட்டது இடது முழங்கால். அதில் குழப்பமே இல்லை. ஐந்து மாதமாக ராத்திரி பகல் பாராமல் வலித்துக்கொண்டிருப்பதும் அதுதான். ஆனால் தெருவுக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிற வேன் ஒன்று நிற்கிறது, அதற்குள் தொப்பி போட்ட ஓர் ஆள் உட்கார்ந்து தன்னையே பார்க்கிறான் என்று தெரிந்த நிமிடத்தில், இத்தனை நாள் தானாக நொண்டிக்கொண்டிருந்த கால் தன் தொழிலை மறந்துவிட்டது. இடது காலில் வலி என்றால் உடம்பு சாய்வது எந்தப் பக்கம்? இழுத்து வைப்பதா, எத்தி வைப்பதா?

தபால் பெட்டி பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்தது. டென்னிஸ் துணிந்து இறங்கி நடந்தார். பாதி வழியில் பின்னாலிருந்து மனைவி நோரீனின் அடக்கிய குரல் கேட்டது.

"டென்னி! அது இல்ல, இன்னொரு கால்!"

டென்னிஸ் அங்கேயே நின்று காலை மாற்றிக்கொண்டார். மீதி ஆறடியை இடது காலால் நொண்டிக் கடந்தார்.

வேனில் இருந்த ஆள் கையிலிருந்த போனை முகத்துக்கு நேரே தூக்கினான்.

"எடுத்துட்டான்," என்றார் டென்னிஸ் உள்ளே வந்து சோபாவில் விழுந்து. "நான் காலை மாத்தினதை எடுத்துட்டான். நீ ஏன் கத்தினே?"

"நீ ஏன் தப்பான காலால நொண்டினே?"

டென்னிஸ் வக்கீலுக்குப் போன் போட்டார்.

அமெரிக்காவின் ஈரி நகரத்துப் பஸ்களின் முதுகில் விளம்பரப் படமாகச் சிரித்துக்கொண்டே ஊரைச் சுற்றி வருபவர் வக்கீல் தெரேசா பெட்ருச்சி. அறுபத்து மூன்று வயது. பஸ்ஸில் சிரிக்கிற அளவுக்கு நேரில் சிரிக்க மாட்டார். ஜூன் மாதம், கட்டுமானச் சாமான் கடை வாசலில், பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்த ஒருவன் டென்னிஸைத் தட்டிவிட்டுக் காலை முறித்த மூன்றாம் நாள், நோரீன் கூட்டிக்கொண்டு போனது இவரிடம்தான். ஜெயித்தால்தான் கட்டணம், தோற்றால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி வழக்கை எடுத்துக்கொண்டார். கூடவே கட்டளைகளும் போட்டார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் போன் செய்தால் வணக்கம்கூடச் சொல்லாதே. வழக்கைப் பற்றி அக்கம்பக்கத்தில் மூச்சு விடாதே. டாக்டர் வரச்சொன்ன நாள் எதையும் தவறவிடாதே. தினமும் எங்கே வலித்தது, எதைச் செய்ய முடியவில்லை என்று ஒரு நோட்டில் எழுது. கால் இதற்கு மேல் தேறாது என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரை நான் தொகை கேட்க மாட்டேன். அதற்குள் அவர்கள் எதையாவது நீட்டினால் வாங்கிவிடாதே. கடைசியாக, "உன்னைப் படம் எடுக்க ஆள் அனுப்புவாங்க. அனுப்பட்டும். நீ நீயா இரு, போதும்."

அந்தக் கடைசிக் கட்டளைதான் இப்போது காலை வாரியது.

"மேடம், நான் நானாத்தான் இருந்தேன். ஆனா கால் வேற காலாப் போச்சு," என்றார் டென்னிஸ்.

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. "டென்னிஸ், நான் முப்பத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில் பண்றேன். பொய் சொல்ற கட்சிக்காரனை வச்சு ஜெயிச்சிருக்கேன். வலிக்கிற காலை மறந்து போற கட்சிக்காரன் நீதான் முதல் ஆளு."

"இப்ப என்ன செய்யறது?"

"ஒண்ணும் செய்யாதே. வெளியில போகாதே. தெருவுல நின்னு படம் எடுக்க அவனுக்கு உரிமை இருக்கு, ஆனா வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்தா நான் அவனைச் சும்மா விட மாட்டேன். ஜன்னல்கிட்ட உக்காந்து அவனைக் கவனி. எத்தனை மணிக்கு வர்றான், போறான், எல்லாத்தையும் எழுது."

டென்னிஸுக்கு இது பிடித்திருந்தது. இருபத்தாறு வருஷம் மண்டி போட்டுத் தரை ஓடு பதித்த மனிதருக்கு, ஐந்து மாதமாக ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது வலியைவிடக் கொடுமையாக இருந்தது. மான் வேட்டைக்குக் கொண்டுபோகும் தொலைநோக்கியைப் பரணிலிருந்து நோரீனை எடுத்துத் தரச் சொன்னார். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, திரையை ஒரு சாண் விலக்கி, கண்ணில் வைத்தார்.

வேன் தினமும் காலை பத்தே காலுக்கு வந்தது. தொப்பிக்காரன் இறங்குவதே இல்லை. சாண்ட்விச் தின்றான். போன் பேசினான். டென்னிஸ் பார்த்தபோதெல்லாம் அவனும் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் கல் மாதிரி உட்கார்ந்திருப்பான். டென்னிஸ் அடக்க முடியாமல் குளியலறைக்குப் போய்த் திரும்பினால், வேன் இருக்கும். ஆள் இருக்க மாட்டான்.

"கொல்லைப் பக்கம் வந்திருப்பான்!" என்று டென்னிஸ் நொண்டிக்கொண்டே ஓடி, சமையலறைத் திரை, படுக்கையறைத் திரை எல்லாவற்றையும் இழுத்து மூடுவார். மத்தியானம் சாப்பிட வரும் நோரீன் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு சூப் குடிக்க வேண்டியிருந்தது.

"நான் பல் டாக்டர்கிட்ட வேலை பார்க்கிறேன் டென்னி. அங்க வாயைத் திறக்கவே பயப்படற ஆளுங்களைக் காலையிலேருந்து பார்த்துட்டு வர்றேன். வீட்டுலயும் அதேவா?"

மூன்றாவது வார வியாழக்கிழமை, குப்பை வண்டி வரும் நாள். நோரீன் அவசரத்தில் தொட்டியைத் தெருவோரம் வைக்க மறந்து போய்விட்டாள். இரண்டு வாரக் குப்பை. தூக்கினால் தப்பு, தள்ளினால் தப்பு என்று யோசித்து, டென்னிஸ் துடைப்பக் கட்டையால் தொட்டியை மெதுவாக ஒரு நெம்பு நெம்பினார். தொட்டிக்குச் சக்கரம் உண்டு. வண்டிப் பாதைக்குச் சரிவு உண்டு. இரண்டையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

தொட்டி தெருவை நோக்கி ஓடியது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கார் வந்தது. டென்னிஸ் யோசிக்கவில்லை. எட்டே எட்டு அடியில் ஓடித் தொட்டியைப் பிடித்துவிட்டார்.

பிடித்த பிறகுதான் முழங்காலில் யாரோ ஆணி அடித்தது போலிருந்தது. அதற்குப் பிறகுதான் வேன் ஞாபகம் வந்தது. தொப்பிக்காரன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். போன் காதில் இருந்தது.

"ஓடினியா?" என்றார் பெட்ருச்சி.

"எட்டு அடிதான் மேடம்."

"எட்டு அடி. கோர்ட்டுல அதை எட்டு தடவை போட்டுக் காட்டுவான், தெரியுமா உனக்கு? ஓட்டமா ஓடறானே, இவனுக்கா கால் போச்சுன்னு ஜூரி என்னைப் பார்ப்பாங்க. கால் இப்ப எப்படி இருக்கு?"

"பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கு."

"அப்பாடா! இப்பவே டாக்டர்கிட்ட போ. ஓடினேன், வீங்கிச்சுன்னு உள்ளதை உள்ளபடி சொல்லு. அவர் இன்னிக்கு தேதி போட்டு எழுதட்டும். ஓடினவனுக்கு என்ன ஆச்சுங்கிறதும் அந்தப் படத்தோட சேர்ந்து வரணும்."

டாக்டர் எழுதினார். கட்டுப் போட்டார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவரைக் காரில் கூட்டிக்கொண்டு வரும் வழியில் நோரீனுக்கு ஒரு யோசனை தோன்றியது. பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி ஊன்றுகோல் கிடந்தது. "இதை வச்சுக்கிட்டா எந்தக் கால்னு நீ யோசிக்கவே வேண்டாம்," என்றாள்.

முந்தைய சொந்தக்காரர் ஆறரை அடி இருந்திருக்க வேண்டும். மறுநாள் டென்னிஸ் அக்குளில் தொங்கிக்கொண்டு, இரண்டு கால்களும் தரையில் படாமல் தபால் பெட்டிக்குப் போய் வந்தார். வேன்காரன் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் பெட்ருச்சியே கூப்பிட்டார். "நோட்டுல எழுதினதை அனுப்பியிருக்கே, பார்த்தேன். ஊன்றுகோல்னு ஒண்ணு எழுதியிருக்கியே, அது டாக்டர் கொடுத்ததா?"

"இல்ல மேடம். நோரீன் வாங்கினா."

"டாக்டர் சொல்லாத ஊன்றுகோலை எதுக்குய்யா வச்சே? நடிக்கிறேன்னு நீயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்! நிஜமா அடிபட்டவனுக்கு நடிப்பு எதுக்கு? முதல்ல அதைத் தூக்கிப் போடு."

வக்கீல் சொன்னால் டென்னிஸ் தட்டுவதில்லை. மறுநாள் பதினொன்றரை மணிக்கு ஊன்றுகோல்களில் தொங்கியபடி குப்பைத் தொட்டி வரை போனார். இரண்டையும் உள்ளே போட்டார். மூடியைச் சாத்திவிட்டு, கையை வீசி நடந்து வீட்டுக்கு வந்தார். படியேறும்போதுதான் இது எதிரிலிருந்து பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று உறைத்தது. ஏதோ புண்ணியத் தலத்தில் சாமி கண் திறந்து முடவன் எழுந்து நடந்த மாதிரி இருந்திருக்கும்.

திரும்பிப் பார்த்தார். தொப்பிக்காரன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தான்.

அந்த இடத்தில் டென்னிஸுக்கு ஏதோ அறுந்துவிட்டது.

மூன்று வாரமாக அவர் தன் வீட்டிலேயே இருட்டில் இருக்கிறார். தூங்கும்போதுகூட நேராகப் படுத்தால் தப்பாகிவிடுமோ என்று பயந்து படுக்கிறார். செய்யாத குற்றத்துக்கு ஒளிந்து வாழ்வது போலிருந்தது. போதும். அவர் படியிலிருந்து இறங்கித் தெருவைக் கடந்தார். கோபத்தில் எந்தக் கால் என்று யோசிக்காததால், மூன்று வாரத்தில் முதல்முறையாகச் சரியாக நொண்டினார்.

அதே சமயம் நோரீன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே வந்து காரை நிறுத்தினாள். புருஷன் வேனை நோக்கிப் போவதைப் பார்த்தாள். பதறிப்போய் வக்கீலைக் கூப்பிட்டு, போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓடினாள்.

"மேடம், டென்னி அவன்கிட்ட பேசப் போறான்!"

"புடி அவனை! வாயைப் பொத்து! ஒரு வார்த்தை பேசக் கூடாது!" போன் அலறியது.

டென்னிஸ் அதற்குள் வேனின் கண்ணாடியைத் தட்டியிருந்தார். கண்ணாடி மூன்று விரல்கடை மட்டும் இறங்கியது. உள்ளே, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்த பெரிய உருவம், ஐம்பது வயதிருக்கும். முகம் வெளிறிப் போயிருந்தது.

"இங்க பாருய்யா," என்றார் டென்னிஸ். "இடது முழங்கால். எழுதிக்கோ. இடது! அன்னிக்கு வலது காலால நொண்டினேன், ஏன்னா நீ பார்த்துக்கிட்டு இருந்தே. தொட்டி பின்னால ஓடினேன், ஏன்னா கார் வந்துச்சு. ஊன்றுகோல் என் பொண்டாட்டி வாங்கினது. ஆனா கால் போனது நிஜம். இருபத்தாறு வருஷமா இந்த ஊர்ல பாதி வீட்டுக்குத் தரை போட்டவன் நான். இனிமே என்னால ஒரு ஓடுகூடப் பதிக்க முடியாது. குனிஞ்சு என் ஷூ கயிறு கட்ட முடியல. அதை எடு படம்! தினமும் காலையில என் பொண்டாட்டி மண்டி போட்டு எனக்கு ஷூ மாட்டி விடறா, அதை வந்து எடு!"

நோரீன் வந்து அவர் தோளைப் பிடித்தாள். இழுக்க வந்தவள், இழுக்காமல் அப்படியே நின்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

வேன்காரன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றான். "என் வக்கீல் பக்கத்துல இல்லாம உங்ககிட்ட நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"உனக்கு எதுக்குய்யா வக்கீல்?" என்றார் டென்னிஸ்.

நோரீன் கையிலிருந்த போனில் இதுவரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த அலறல் சட்டென்று நின்றது. பிறகு பெட்ருச்சியின் குரல் வந்தது.

"அது மெல்வின் குரல்தானே? ஏன்யா மெல்வின், எதிர்வீட்டு ஜன்னல்ல தொலைநோக்கியோட உக்காந்திருக்கிறவன் உன் முதுகு கேஸைக் கெடுக்க வந்த இன்சூரன்ஸ் கம்பெனி ஆளு, அவன் எழுந்து போற வரைக்கும் வேனை விட்டு இறங்காதே, நீ புதுசா குடிவந்த வீட்டுக்குள்ள போகாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"