சமத்துவப் படிவம், மூன்று பிரதிகளில்

மனிதர்கள் அனைவரும் சமம் என்று தலைமையகத்திலிருந்து ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. அதுவரை அந்த உரிம அலுவலகத்தில் யாருக்கும் இந்தத் தகவல் தெரியாது. தெரிந்திருந்தால் முன்பே கடைப்பிடித்திருக்க மாட்டார்களா, பாவம்!

கூடவே ஒரு படிவம். ஊழியர் ஒவ்வொருவரும் வாரம் ஒருமுறை வேற்று இனத்தவர் ஒருவரைச் சமமாக நடத்த வேண்டும். நடத்தப்பட்டவரின் கையொப்பத்துடன், வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள், மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் பதவி உயர்வு கிடையாது.

நாற்பத்திரண்டு பேர் இருந்த அலுவலகத்தில் வேற்று இனம் என்று சொல்ல ஒரே ஒருத்திதான் இருந்தாள். பதிவறை எழுத்தர். கறுத்தவள். சன்னலில்லாத அறையில் ஒன்பது வருடமாகக் கோப்புகளோடு கோப்பாக இருந்தவள். வெளிச்சமும் ஆளரவமும் உள்ள முன்மேசைக்கு மாற்றம் கேட்டு ஏழு முறை விண்ணப்பித்தாள். ஏழு முறையும் 'பொதுமக்கள் நலன் கருதி' நிராகரிக்கப்பட்டது. அவள் முகத்தைப் பார்த்தால் பொதுமக்களுக்கு என்ன ஆகும் என்று எந்தக் கோப்பிலும் இல்லை. கோப்பெல்லாம் அவளிடம்தானே இருக்கிறது, தேடிப் பார்த்துவிட்டாள்.

முதல் வெள்ளிக்கிழமை பதிவறை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள்.

"வணக்கம்மா, சாப்பிட்டாச்சா?" என்றார் காசாளர், ஒன்பது வருடத்தில் முதல்முறையாக.

"இல்லைங்க, இன்னும்..."

"ரொம்ப சந்தோஷம். இங்க ஒரு கையெழுத்து."

தட்டச்சர் ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்தாள். "உனக்குப் பாதி, எனக்குப் பாதி. சமம்னா சமம்தான்!" வரைவாளர் எழுத்தரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து படிவத்தை நீட்டினார். அரசாங்கக் காகிதத்தில் கறை படலாமா?

நடத்தப்பட்டவரின் பெயருக்கும் ஒரு கட்டம் இருந்தது. எல்லோரும் 'பதிவறை' என்று எழுதியிருந்தார்கள்.

"எனக்குப் பேர் இருக்கு சார்."

"இருந்துட்டுப் போகட்டும்மா. கட்டம் சின்னது."

நாற்பத்தொரு பேர், மும்மூன்று பிரதி. நாலாவது வாரம் அவள் விரல் வீங்கிவிட்டது. எட்டாவது விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள்.

"முன்மேசைக்கா? நீ அங்க போயிட்டா இவங்கல்லாம் யாரைச் சமமா நடத்துவாங்க?"

"அங்கயே வந்து நடத்தலாமே சார்."

"விவரம் புரியாமப் பேசறியேம்மா. அங்க உக்காந்துட்டா நீயும் அவங்களும் ஒண்ணாயிடுவீங்க. ஒண்ணா இருக்கறவங்களைச் சமமா நடத்த படிவத்துல வழியில்லையே!"

"அப்போ நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

போடவில்லை. அடுத்த திங்கட்கிழமை தலைமையகம் கடிதம் அனுப்பியது: 'தங்கள் அலுவலகத்தில் கடந்த வாரச் சமத்துவம் பூஜ்யம். உரிய விளக்கம் தேவை.' கண்காணிப்பாளர் ஆடிப்போனார். இரண்டே நாளில் பதிவறைக்குப் புதிதாக ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்.

"உன்னைவிடக் கறுப்பு. தேடிப் பிடிக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடுச்சு. இனிமே நீ தாராளமா முன்மேசைக்குப் போலாம்."

சுழல் நாற்காலி. பக்கத்தில் சன்னல். வந்துபோன பொதுமக்களில் யாரும் மயங்கி விழவில்லை. வீட்டில் புருஷனிடம் அவள் மார்தட்டிக்கொண்டாள்: "பாத்தீங்களா, போராடி வாங்கிட்டேன்!"

"நல்லது. உன் இடத்துக்கு வந்திருக்காங்களே, அவங்க எப்படி?"

"யாரு கண்டா? இறங்கிப் பேச எனக்கு எங்க நேரம்?"

வெள்ளிக்கிழமை மாலை மூன்று ஐம்பது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்மேசைக்கு வந்ததிலிருந்து தன்னிடமும் படிவம் இருக்கிறது! ஓட்டமாகப் பதிவறைக்கு ஓடினாள். வாசலில் பத்துப் பேர் நின்றார்கள்.

"கொஞ்சம் வழி விடுங்க, எனக்கு முன்மேசையில ஆள் காத்திருக்கு."

புதியவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா! வாங்கக்கா. நம்ம ஆள் ஒருத்தர் முன்னாடி உக்காந்திருக்காங்கன்னு சொன்னாங்க. நீங்கதானா? ஆனா இது வேற இனத்துக்கான படிவமாச்சே. நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானேக்கா?"

"நான் இப்ப முன்மேசைம்மா. சீக்கிரம் போடு, மணியாகுது."

புதியவள் மூன்று பிரதியிலும் போட்டாள். பேனாவை வைக்காமல் கேட்டாள்: "பேர் எழுதலையேக்கா. என் பேரு..."

"கட்டம் சின்னது. நானே எழுதிக்கறேன், விடு."