வெசிக்கும் வெசிக்கிலிக்கும் நடுவே

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நல்ல குணம் எனக்கு இருந்திருந்தால், கனடாவுக்குப் போவதற்கு முந்திய இரண்டு நாளும் மைதிலி எங்கள் வீட்டுப் பாத்ரூம் வாசலில் காத்து நின்றிருக்க மாட்டாள்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் எங்கள் ஒழுங்கையில் எல்லாம் பழைய வீடுகள். கூரைத் தண்ணீர்க் குழாயும் பாத்ரூம் குழாயும் வாசலடியில் ஒன்றாகிவிடும். பெருமழை பெய்தால் யார் வீட்டுத் தண்ணீர் யார் வீட்டுக்குள் எழும்பும் என்று சொல்ல முடியாது. ஆகவே மழைத்தண்ணீரை வீதியோரம் திறந்தபடி ஓடும் கானுக்கும், கழிவை நிலத்தடிப் பெரிய குழாய்க்கும் பிரித்துவிட ஆட்கள் வந்தார்கள்.

மைதிலி பக்கத்து வீடு. வீசா வந்து சனிக்கிழமை பயணம். ஆறு வருடமாக அவளிடம் சொல்ல ஒரு வசனம் வைத்திருந்தேன். (எழுதிப் பார்த்துத் திருத்தியும் இருந்தேன்.) மிச்சம் மூன்று நாள்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய அம்மா மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்து, வேலையாட்களோடு கதைக்க எனக்குச் சிங்களம் தெரியுமா என்று கேட்டார். மைதிலி பின்னால் நின்றாள். அவள் நிற்கும்போது எனக்குச் சீன மொழியும் தெரியும்.

"ஓம் அன்ரி," என்று போனேன்.

தோண்டிய குழிக்குள் இரண்டு குழாய்கள், ஒரே பருமன், ஒரே அழுக்கு. வலது பக்கம் கூரைத் தண்ணீர், இடது பக்கம் பாத்ரூம் என்று அன்ரி தெளிவாகச் சொல்லித் தந்தார். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, "மல்லி, வெசி பைப் எக்க கோக்கத?" என்றார். தம்பி, 'வெசி' பைப் எது என்று கேட்கிறார்.

மழைக்கு நான் அறிந்த சிங்களச் சொல் 'வெஸ்ஸ'. 'வெசிக்கிலி' என்றால் மலசலகூடம் என்பதும் தெரியும், புறக்கோட்டை பஸ் நிலையத்தில் அவசரத்தில் கற்றது. அந்த 'வெஸ்ஸ'தான் பைப்போடு சேரும்போது 'வெசி' ஆகும் என்பது மட்டும் தெரியாது. பெண்கள் நிற்கிறார்கள், மனிதர் கூச்சப்பட்டுச் சொல்லைப் பாதியில் விழுங்கிவிட்டார் என்று நினைத்தேன். அவருடைய நாகரிகத்தை மெச்சிக்கொண்டே இடது பக்கத்தைக் காட்டினேன்.

மைதிலி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். நான் இல்லாவிட்டால் என்ன பாடுபட்டிருப்போம் என்றாள். அந்தத் தேத்தண்ணியை நான் அரை மணி நேரம் குடித்தேன்.

மறுநாள் காலை அவர்கள் வீட்டுக் கழிவெல்லாம் வீதிக் கானில் ஊர்வலம் போனது. ஒழுங்கையே மூக்கைப் பொத்தியது. மேற்பார்வையாளர் என்னை விரலால் காட்டி, இந்த ஐயாதான் சொன்னார் என்று சிங்களத்தில் சொன்னார். அது மட்டும் எனக்குத் தெளிவாக விளங்கியது. திரும்பத் தோண்டிச் சரிசெய்யும் வரைக்கும் அவர்கள் எங்கள் பாத்ரூமுக்கு வருவதென்று இரு அம்மாமாரும் பேசி முடித்தார்கள்.

ஆறு வருடம் ஏங்கியது நடந்தது. மைதிலி தினமும் எங்கள் வீட்டுக்கு வந்தாள், தோளில் துவாயோடு. ஆனால் அவசரமாக வரும் ஒருத்தியை மறித்து வைத்துக் காதல் சொல்வது எப்படி?

சனிக்கிழமை காலை பாத்ரூமுக்குள் என் அம்மா இருந்தார். வெளியே நாங்கள் இருவர். இதைவிட்டால் இல்லை என்று தெரிந்தது.

"மைதிலி, உம்மட்ட ஒண்டு சொல்ல வேணும்."

"சொல்லும்," என்றாள். துவாயைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாதவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

கதவு திறந்தது. "பிள்ளை, பாத்ரூம் ஃப்ரீ. கெதியாப் போங்கோ," என்றார் அம்மா.

"லைற் சுவிட்ச் வெளியில இருக்கு," என்றேன் நான், இரண்டு நாளாக அதைப் போட்டு அணைத்தவளிடம்.

இரவு அவள் போய்விட்டாள். அவள் இல்லாத மதிலைப் பார்க்கப் பிடிக்காமல் பல நாள் பின்வாசலால்தான் போய் வந்தேன். இன்றும் மழை பெய்தால் அவள் நினைவு கூடுதலாக வரும்.

அம்மா இதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இப்போதும் எனக்கு எங்கேயாவது பெண் பார்க்கப் போனால், "அண்ணா, சுவிட்சப் பற்றி மட்டும் கதையாதேங்கோ," என்று தங்கை சொல்லித்தான் அனுப்புவாள்.

போன மாதம் மைதிலி கனடாவிலிருந்து என் அம்மாவோடு கதைக்கப் போன் எடுத்தாள். அம்மா சிரித்துச் சிரித்துத் தங்கை சொல்வதையும் சொல்லிவிட்டு போனை என்னிடம் தந்தார். பின்னால் அவளுடைய பிள்ளை எதற்கோ அழுதுகொண்டிருந்தது.

"உண்மையா அண்டைக்கு என்ன சொல்ல வந்தனீர்?"

"சுவிட்சப் பற்றித்தான்," என்றேன்.

அவள் பிள்ளையைத் தூக்கித் தட்டிக்கொடுப்பது கேட்டது.

"அது எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் மைதிலி.