பதினைந்து மைல் இப்ராம்சா

காலை ஆறரைக்கு இப்ராம்சா லாரியில் ஏறியபோது, பக்கத்து இருக்கையில் போக்குவரத்து அதிகாரி உட்கார்ந்திருந்தார்; பின்னால் கேரட் மூட்டைமேல் அவருடைய பியூன் பொன்னுவேல்.

"ஜீப் ரிப்பேர்ப்பா. வத்தலக்குண்டு வரைக்கும் உன் வண்டியிலதான் வர்றேன்."

இப்ராம்சா அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மலைப்பாதையில் மணிக்குப் பதினைந்து மைல் என்ற வேக வரம்பை இருபதாக்கலாமா என்று முந்தின நாள்தான் கொடைக்கானலில் கூட்டம் போட்டார்கள். "சந்தைக்குப் போறதுக்குள்ள கேரட்டு வாடிப்போகுதுங்க" என்று வியாபாரிகள் கெஞ்சினார்கள். "பதினஞ்சே ஜாஸ்தி" என்றார் அதிகாரி. முடிவு எழுதப்போகிறவரும் அவரேதான்.

இப்ராம்சா லேசுப்பட்ட ஆளல்ல. அவர் வளைவில் திரும்புகிற வேகத்தில், லாரி தன் பின்பக்க நம்பரைத் தானே படித்துவிடும். கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

ஆனால் இன்றைக்குப் பதினைந்துதான். 'இத்தனை நிதானமான டிரைவர்களை நம்பி இருபது கொடுக்கலாம்' என்று ஐயாவுக்குத் தோன்றிவிட்டால் மலையே பிழைத்துக்கொள்ளும்.

பெருமாள்மலையில் பிளம்ஸ் விற்கும் சின்னத்தாயி பதறி ஓடிவந்து, சக்கரத்துக்கு முன்னால் கல்லை வைத்தாள்.

"என்ன பாய், வண்டி நடந்து வருது! பிரேக்கு போயிருச்சா?"

"ஏத்தா, கல்லை எடு! நான் எப்பவும் இப்பிடித்தான போவேன்!"

"எப்பவுமா? போன வாரம் நீங்க போன காத்துல, என் கூடை பண்ணைக்காட்டுல போயி கெடந்துச்சே!"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது.

நேரம் குறிக்கிறார்! இப்ராம்சா வேகத்தைப் பன்னிரண்டு மைலுக்கு இறக்கினார். அதிகாரி பல்லைக் கடித்தார். இப்ராம்சா பத்துக்கு இறக்கினார். ஊத்துப் பக்கம் ஒரு கழுதை லாரியை முந்தப் பார்த்தது. கையை நீட்டி, முறைப்படி அதற்கு வழிவிட்டார்.

"ஏம்ப்பா," அதிகாரியின் குரல் நடுங்கியது. "வண்டி இவ்வளவுதான் போகுமா?"

சோதிக்கிறார் என்று இப்ராம்சாவுக்குப் பட்டது.

"இன்னும் மெதுவாக்கூடப் போகுங்க ஐயா!"

எட்டு. அத்தனை இறக்கத்தில் எட்டு மைலில் லாரியைப் பிடித்து ஓட்ட மலையில் வேறு எவனாலும் ஆகாது. மூட்டையில் ஒரு கேரட் புரளவில்லை.

பதினோரு மணிக்கு வத்தலக்குண்டு. வண்டி நிற்குமுன்னே அதிகாரி குதித்தார். கழன்ற செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார்.

மூட்டைமேலிருந்து இறங்கிய பியூன் பொன்னுவேலிடம் இப்ராம்சா மார்தட்டினார்.

"ஐயா அசந்துட்டாரு, பாத்தீகளா? பேச்சே வரல!"

பொன்னுவேல் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட போங்க பாய்! ஒன்பது மணி முகூர்த்தத்துக்கு ஐயாதான் தாய்மாமன். இந்த மலையிலயே வெரசாப் போற லாரியாப் பாத்து ஏத்திவிடச் சொன்னாரு!"