பர்மிட் இல்லாமல் பாட்டு இல்லை

அந்தமானில் புயல் எச்சரிக்கையை மீறிக்கூடப் படகேறிவிடலாம். எங்கள் பத்துபஸ்தி தெருவில் பர்மிட் அங்கிளின் அனுமதி இல்லாமல் ஒரு பாட்டுக் கேட்டுவிட முடியாது.

அவர் ஓர் அலுவலகத்தில் பர்மிட் எழுதித் தரும் குமாஸ்தா. எந்தத் தீவுக்குப் போகிறாய், எதற்கு, எத்தனை நாள் என்று வருடக்கணக்கில் கேட்டுப் பழகியதில், வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்விகள் வாயை விட்டு இறங்காது. சொந்த ஊர் மதுரைப் பக்கம். பெங்காலி, தெலுங்கு, மலையாளம் என்று எல்லாரும் இருந்த தெருவில் எல்லாருக்கும் பொதுவாக அங்கிள் ஆகிவிட்டார். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியார்.

சுனாமி முடிந்து ஐந்தாறு வருடம் இருக்கும். அப்போதெல்லாம் தீவில் இணையம் வருவதே அபூர்வம். வந்தாலும் ஒரு பாட்டு இறங்குவதற்குள் சோறு வெந்துவிடும். பாட்டும் படமும் மெயின்லேண்டிலிருந்து ஹார்ட் டிஸ்கில் கப்பலேறித்தான் வரும். அப்படிச் சேர்த்ததெல்லாம் அங்கிளின் கூடத்துக் கம்ப்யூட்டரில் மலைபோல் கிடந்தது. அவற்றை வைஃபை வழியாக டிவியிலும் போனிலும் பார்க்கலாம் என்று ஒருநாள் கண்டுபிடித்தார். கூடவே இன்னொன்றையும் கண்டுபிடித்தார். எந்தக் கருவி வந்து கேட்டாலும் கம்ப்யூட்டர் அதன் பெயரைப் பட்டியலில் காட்டி, அனுமதிக்கவா மறுக்கவா என்று அவரைக் கேட்கும்.

அன்றைக்கு அங்கிள் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டாராம். சொன்னது அவர் மனைவி சரோஜாக்கா. முதல் மனுதாரரும் அவர்தான்.

"என்னங்க, சமைக்கிறப்ப பாட்டுக் கேக்கணும். என் போனுக்குத் தொறந்து விடுங்க."

"எழுதிக் குடு."

"எதை?"

"அப்ளிகேஷனை. என்ன பாட்டு, எதுக்கு, எத்தனை நாளைக்கு."

அக்கா மளிகைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அங்கிள் சிவப்பு மையில் 'காரணம் போதவில்லை' என்று எழுதித் திருப்பினார். அன்று குழம்பில் உப்புப் போதவில்லை. மறுநாள் பதினைந்து நாளுக்கு பர்மிட் கிடைத்தது.

என் லேப்டாப்புக்கும் பதினைந்து நாள்தான். போதாக்குறைக்கு மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை கம்ப்யூட்டர் தூங்கிவிடும்படி செய்து வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதாநாயகன் வில்லனின் கழுத்தைப் பிடித்த நேரத்தில் படம் நின்றது. கீழே ஓடினேன்.

"சார், கிளைமாக்ஸ்."

"லஞ்ச் டைம் தம்பி." அங்கிள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். "ரெண்டு மணிக்கு வாங்க. அவன் எங்க ஓடிடப் போறான்."

அடுத்து ஓர் ஊடுருவல் நடந்தது. வெறும் எழுத்தும் எண்ணுமாய் ஒரு பெயர் பட்டியலில் முளைத்தது. அங்கிள் உடனே மறுத்தார். அது மறுபடி கேட்டது. அவர் மறுபடி மறுத்தார். பிறகு அந்தப் பெயரைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். நாங்கள் மாஷி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா, "மேரா டிவி கராப் ஹை, பாபா," என்றார். டிவி கெட்டுப்போனது உண்மைதானா என்று அங்கிள் அதன் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நான்காம் நாள்தான் விளங்கியது: அது அவர் கூடத்திலேயே இருந்த புது டிவி. நான்கு நாளும் இங்கே அதற்கு மறுப்பு எழுதிக்கொண்டு, கடைக்காரனிடம் போய் டிவி சரியில்லை என்று சண்டையும் போட்டிருக்கிறார்.

இப்படியிருக்க, ஆபீஸ் வேலையாக இரண்டு நாளைக்கு ஹேவ்லாக் தீவுக்குப் போனார். கடல் கொந்தளித்துப் போக்குவரத்து நின்றது. ஒரு வாரம் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு அவருடைய ஆபீஸ் ஃபைல் நம்பர். தூக்கத்தில்கூட அதை உளறுவார் என்பதால் அக்காவுக்கு மனப்பாடம். கேட்ட கருவிக்கெல்லாம் அக்கா அனுமதி கொடுத்தார். எதிர்வீட்டுத் தெலுங்குக் குடும்பத்து டிவியில் படம் ஓடியது. மாஷி அக்காவின் கூடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். என் கிளைமாக்ஸ் மதியம் ஒன்றரைக்கு முடிந்தது.

கடைசியில் அக்கா ஒரே ஒரு கருவிக்கு மறுப்புப் போட்டுவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றினார்.

எட்டாம் நாள் அங்கிள் வந்தார். கூடம் நிறைய ஆட்கள். போனை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"சரோஜா, என் போன்ல வரலையே."

"எழுதிக் குடுங்க," என்றார் அக்கா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அங்கிள் முகம் கறுத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் மேஜையில் உட்கார்ந்து, மார்ஜின் விட்டு, பொருள் எழுதி, முறையாக ஒரு மனுப் போட்டார். அக்கா படித்தார். சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து எழுதினார்: 'காரணம் போதவில்லை.'

அங்கிள் காகிதத்தை வாங்கிக்கொண்டு மேஜைக்குத் திரும்பினார். மறுபடி உட்கார்ந்து எழுதினார். இரண்டாவது மனுவில் மார்ஜின் இல்லை. 'ஏழு நாள் தனியாக இருந்தேன். நன்றாக இல்லை.'

அக்கா அதில் எதுவும் எழுதவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார். அங்கிள் உட்கார்ந்து, அடுத்த காட்சியில் யார் சாகப்போகிறான் என்று மாஷிக்கு இந்தியில் சொல்லத் தொடங்கினார்.

மறுவருடம் எனக்கு மெயின்லேண்டில் வேலை கிடைத்தது. கப்பலேற ஹேடோ துறைமுகத்துக்குப் போனேன். அங்கிள் வேர்க்க விறுவிறுக்க வந்து, ஒரு ஹார்ட் டிஸ்கை என் பையில் திணித்தார். மொத்த மலையும் அதில் இருந்தது.

"மூணு நாள் கடல்ல என்ன பண்ணுவீங்க. பாத்துக்கிட்டே போங்க."

கப்பல் நகர்ந்தது. கரையில் எல்லாரும் கையை ஆட்டினார்கள். அங்கிள் மட்டும் ஆட்டவில்லை. லேப்டாப்புக்குச் சார்ஜர் எடுத்தீர்களா என்று சைகையில் கேட்டுக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் எடுத்துவிட்டேன் என்று பலமாகத் தலையாட்டினேன். அந்த மனிதரைக் கவலையோடு கரையில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.